இதயக் குறைபாட்டோடு பிறந்த குழந்தையின் மூளை வளர்ச்சி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்த குழந்தைக்கு இதயத்தில் பெரிய குறை என்று தெரிந்ததும் வீட்டில் பேச்செல்லாம் இதயத்தைச் சுற்றியே ஓடும். எப்போது ஆபரேஷன், எத்தனை ஆபரேஷன், பிழைக்குமா என்பதைத் தாண்டி வேறெதுவும் மனதில் நிற்காது. அது இயல்புதான். மூளையைப் பற்றிய கேள்விகள் கொஞ்சம் தாமதமாக, பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில்தான் எழும். இன்னும் முன்பே எழ வேண்டியவை அவை. அப்படிக் கேட்கப்படுபவற்றையும், கேட்கத் தயங்குபவற்றையும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதயத்தில் கோளாறு என்றால் மூளையை எதற்குப் பரிசோதிக்கிறார்கள்?

பச்சிளம் குழந்தையின் உடல் ஓய்வில் செலவழிக்கும் சக்தியில் பாதிக்கும் மேல் மூளைக்கே போகிறது. அந்தச் சக்திக்கு வேண்டிய ஆக்சிஜனையும் சர்க்கரையையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதயம். அனுப்பும் இடத்தில் கோளாறு இருந்தால் அதிகமாக வாங்கும் இடம்தான் முதலில் தடுமாறும்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இதயக் குறைபாட்டோடு பிறக்கிறது. அவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு முதல் ஆண்டிலேயே அறுவை சிகிச்சையோ குழாய் வழிச் சிகிச்சையோ தேவைப்படும். இந்தப் பக்கம் முக்கியமாக அந்தக் கால்வாசிப் பேரைப் பற்றியது.

என் குழந்தைக்குச் சின்ன ஓட்டைதான். நானும் கவலைப்பட வேண்டுமா?

தானாக மூடிக்கொள்ளும் சிறு ஓட்டை மட்டும் இருந்து, வேறு மரபணுக் கோளாறோ குறைமாதப் பிறப்போ இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

கவலை கூடுதலாக இருப்பது முதல் ஆண்டில் திறந்த இதய அறுவை சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்கும், உடல் நீலம் பாய்ந்திருக்கும் குழந்தைகளுக்கும்தான். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருத்தல், இதயத்தின் இடப்பக்கம் வளராமல் போதல், ஒரே ஒரு கீழறை மட்டும் வேலை செய்தல், பெருந்தமனி வளைவு அறுந்தோ மிகவும் குறுகியோ இருத்தல் ஆகியவை அந்தப் பட்டியலில் முன்னால் நிற்பவை. நான்கு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து வரும் ஃபாலோ நான்மைக் குறைபாடும் (Tetralogy of Fallot) இதில் சேரும். அதில் ஆபத்தின் அளவு குழந்தைக்குக் குழந்தை மாறும்.

வயிற்றில் இருக்கும்போது ஆக்சிஜன் தாயிடமிருந்துதானே வருகிறது? அப்புறம் எப்படிப் பிறப்பதற்கு முன்பே மூளை பாதிக்கப்படும்?

நல்ல கேள்வி. மருத்துவர்களே நெடுங்காலம் இப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஆக்சிஜன் நச்சுக்கொடியிலிருந்து வருகிறது, நுரையீரலுக்கு அங்கே வேலையில்லை, ஆகவே இதயம் எப்படி இருந்தாலும் கருவுக்கு ஒன்றும் ஆகாது என்பது பழைய கணக்கு. எந்த ரத்தம் எங்கே போகிறது என்பதை அந்தக் கணக்கு கவனிக்கவில்லை.

இயல்பான கருவில், தொப்புள்கொடி வழியாக வரும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் வலது மேலறைக்கு வந்ததும் எல்லாவற்றோடும் கலந்துவிடுவதில்லை. அதில் பெரும்பகுதி ஒரு தனி நீரோட்டம் போல இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள துளை வழியாக இடப்பக்கம் தாவி, இடது கீழறை, பெருந்தமனி என்று ஏறி, நேராக மூளைக்கும் இதயத் தசைக்கும் போகிறது. உடலைச் சுற்றித் திரும்பிய, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் வலது கீழறை வழியாகக் கீழுடலுக்கும் நச்சுக்கொடிக்கும் இறங்குகிறது. நல்ல ரத்தத்தில் முதல் பங்கு மூளைக்கு என்பதுதான் ஏற்பாடு.

இப்போது பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே நல்ல ரத்தம் அதே பாதையில் இடது கீழறைக்கு வருகிறது. ஆனால் அங்கிருந்து புறப்படுவது நுரையீரல் தமனி. ஆக, நல்ல ரத்தம் நுரையீரலுக்கும் கீழுடலுக்கும் போக, மூளைக்கு இரண்டாம் தரம்தான் கிடைக்கிறது. இடப்பக்கம் வளராத இதயத்தில் நிலைமை வேறு மாதிரி. எல்லா ரத்தமும் வலது கீழறையில் கலந்துவிடும். பெருந்தமனியின் தொடக்கப் பகுதி மிகச் சிறுத்திருப்பதால், டக்டஸ் என்ற இணைப்புக் குழாய் வழியாக வரும் ரத்தம் பெருந்தமனி வளைவில் எதிர்த்திசையில் ஏறித்தான் மூளையை அடைய முடியும்.

கருவும் சும்மா இருப்பதில்லை. மூளையின் ரத்தக் குழாய்களை விரித்துக் கூடுதல் ரத்தத்தை இழுத்துக்கொள்ளப் பார்க்கிறது; கர்ப்பகால டாப்ளர் ஸ்கேனில் இதைப் பார்க்க முடியும். கடைசி மூன்று மாதங்களில் மூளை வேகமாகப் பெருத்து மடிப்பு மடிப்பாக உருவாகும்போது அந்த ஈடுகட்டல் போதாமல் போகிறது. டொரன்டோவில் பெரிய இதயக் குறைபாடுள்ள 30 கருக்களையும் இயல்பான 30 கருக்களையும் எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிட்டு, 2015ல் முடிவை வெளியிட்டார்கள். குறைபாடுள்ள கருக்களின் மூளை பயன்படுத்திய ஆக்சிஜன் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மூளையின் கன அளவு 13 சதவீதம் குறைவு.

நிறைமாதத்தில் பிறந்த என் குழந்தையின் மூளை "முதிர்ச்சி குறைவு" என்கிறார்கள். என்ன அர்த்தம்?

மூளையில் குறை இருக்கிறது என்பதல்ல. வயதுக்குக் கொஞ்சம் இளையதாக இருக்கிறது என்று பொருள். இந்தக் குழந்தைகளின் மூளை மடிப்புகளையும் நரம்பு உறைகளையும் எம்ஆர்ஐயில் பார்த்தவர்கள், நிறைமாதக் குழந்தையானாலும் மூளை ஏறத்தாழ ஒரு மாதம் பின்தங்கியிருப்பதைக் கண்டார்கள். அதாவது காலண்டர்படி 39 வாரம், மூளைப்படி 35 வாரம் போல.

இது ஏன் முக்கியம் என்றால், குறைமாத மூளை எதற்கெல்லாம் எளிதில் காயப்படுமோ அதற்கெல்லாம் இந்த மூளையும் காயப்படும். நரம்பிழைகளுக்கு உறை போடப்போகும் செல்கள் அந்தப் பருவத்தில் ஆக்சிஜன் குறைவையும் ரத்த அழுத்தச் சரிவையும் தாங்காதவை. அவை சேதமானால் மூளையின் உட்பகுதியான வெண்பொருளில் காயம் ஏற்படும். எம்ஆர்ஐ அறிக்கையில் "வெண்பொருளில் சிறு புள்ளிகள்" என்று வருவது பெரும்பாலும் இதுதான்.

2007ல் வெளியான ஒரு முக்கியமான ஆய்வில், கடுமையான குறைபாட்டோடு பிறந்த 41 பச்சிளம் குழந்தைகளை அறுவை சிகிச்சைக்கு முன்பே ஸ்கேன் எடுத்தார்கள். 13 பேருக்கு ஏற்கனவே மூளையில் காயம் இருந்தது. அதுவரை எல்லாப் பழியும் ஆபரேஷன் தியேட்டர் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதன் பிறகு பேச்சு மாறியது.

அறிக்கையில் புள்ளிகள் இருக்கின்றன. குழந்தை நடக்காதா, பேசாதா?

அந்த ஒரு காகிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். சிறிய, சிதறலான புள்ளிகள் உள்ள பல குழந்தைகள் ஓடியாடுகின்றன. காயம் பெரிதாக இருந்தாலோ, உடலின் இயக்கத்தை ஆளும் பகுதியில் இருந்தாலோ கை, கால் இறுக்கத்தை முன்கூட்டியே கவனிக்கச் சொல்வார்கள். ஸ்கேனைவிட, மூன்றாம் மாதத்தில் குழந்தை கை, காலை எப்படி அசைக்கிறது, முகத்தை எப்படிப் பின்தொடர்கிறது என்பது பல சமயம் அதிகம் சொல்லும்.

நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?

இல்லை. இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் சத்தமாகக் கேட்பதில்லை, மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் பதிலை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டேன். இதயம் உருவாகி முடிவது கர்ப்பத்தின் முதல் எட்டு வாரங்களுக்குள். பலருக்குக் கர்ப்பம் உறுதியாவதே அந்தச் சமயத்தில்தான். பெரும்பாலான குழந்தைகளில் இன்ன காரணம் என்று எதையும் சுட்ட முடிவதில்லை.

மரபணுக்களின் பங்கு உண்டு. இதயத்தைக் கட்டும் மரபணுக்களில் பல, மூளையையும் கட்டுகின்றன. டவுன் நோய்க்குறி, 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப்போகும் நோய்க்குறி, வில்லியம்ஸ் நோய்க்குறி போன்றவற்றில் இதயமும் மூளையும் சேர்ந்தே பாதிக்கப்படுவது இதனால்தான். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையில் புதிதாகத் தோன்றும் மரபணு மாற்றங்களும் இருக்கின்றன. மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னால் யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. எதை எதிர்பார்த்துத் தயாராக வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

கர்ப்பத்திலேயே கண்டுபிடித்தால் மூளைக்கு ஏதாவது நன்மை உண்டா?

உண்டு. முன்பே தெரிந்தால் பிரசவத்தை இதய அறுவை வசதி உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பிறந்ததும் டக்டஸ் குழாய் மூடாமல் இருக்க மருந்தைத் தொடங்கிவிடலாம். பிறந்து இரண்டு நாள் கழித்துக் குழந்தை நீலமாகித் துவண்டு போன பிறகு ஆம்புலன்ஸில் ஓடுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை. கருவிலேயே கண்டறியப்பட்ட குழந்தைகளுக்கு அறுவைக்கு முந்தைய மூளைக் காயம் குறைவாக இருந்ததை 2016ல் வந்த ஓர் ஆய்வும் காட்டியது.

ஆபரேஷன் நடக்கும்போது மூளைக்கு என்ன ஆகிறது?

இதயத்தை நிறுத்தி வேலை செய்யும்போது, ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் வேலையை பைபாஸ் இயந்திரம் செய்கிறது. சில சிக்கலான அறுவைகளில், குறிப்பாகப் பெருந்தமனி வளைவைச் சீரமைக்கும்போது, இயந்திரத்தையும் சிறிது நேரம் நிறுத்த வேண்டி வரும். அதற்காகக் குழந்தையின் உடலை 18 டிகிரி அளவுக்குக் குளிர்விப்பார்கள். குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு.

எவ்வளவு நேரம் நிறுத்தலாம்? இதற்கான பதிலின் பெரும்பகுதி பாஸ்டனில் 1988 முதல் 1992 வரை தமனிகள் இடம் மாறிய 171 குழந்தைகளைச் சேர்த்து நடந்த ஆய்விலிருந்து வந்தது. ஒரு குழுவுக்குப் பெரும்பாலும் முழு நிறுத்தம், மற்றதற்குக் குறைந்த ஓட்டத்தோடு பைபாஸ். முழு நிறுத்தக் குழுவின் உடலியக்க வளர்ச்சி ஒரு வயதில் பின்தங்கியிருந்தது. எட்டு வயதில் பார்த்தபோது, சுமார் 40 நிமிடம் வரையிலான நிறுத்தத்தால் பெரிய பாதகம் தெரியவில்லை. அதைத் தாண்டினால் பாதிப்பு நேரத்தோடு சேர்ந்து ஏறியது. இன்று முழு நிறுத்தத்தைக் கூடிய மட்டும் தவிர்க்கிறார்கள், அல்லது மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் அனுப்பிக்கொண்டே வேலை செய்கிறார்கள். ரத்தத்தை அளவு மீறி நீர்க்க விடுவதில்லை. நெற்றியில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு பட்டை மூளைத் திசுவின் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஒன்று. ஒற்றைக் கீழறைக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகளில், தியேட்டருக்குள் நடந்தவற்றைவிடக் குழந்தையின் பிறப்பு எடை, மரபணு, வீட்டின் கல்விச் சூழல், மருத்துவமனையில் தங்கிய காலம் இவைதான் பிற்கால வளர்ச்சியோடு அதிகம் ஒத்துப்போயின. அறுவை நிபுணரின் கையில் எல்லாமே இல்லை என்பது சிலருக்கு ஏமாற்றம் தரலாம். எனக்கு அது நம்பிக்கை தரும் செய்தியாகத்தான் படுகிறது, ஏனென்றால் தியேட்டருக்கு வெளியே நம்மால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது.

மயக்க மருந்தே மூளையைக் கெடுக்கும் என்று படித்தேனே?

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஒற்றை மயக்க மருந்தால் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படவில்லை என்று நல்ல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று வயதுக்குள் நீண்ட நேரமும் பலமுறையும் தருவதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016ல் எச்சரித்தது. இதய அறுவை அந்த வகையில் வந்துவிடும், உண்மைதான். ஆனால் தள்ளிப்போட்டால் மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காத நாட்கள் நீளும். அந்தப் பேரம் மூளைக்கு லாபமில்லை. தள்ளிப்போடக்கூடிய சின்னச் சின்ன நடைமுறைகளை ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

ஐசியூவில் குழந்தையைச் சுற்றி ஒரே குழாய்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஐசியூவில் இரவும் பகலும் ஒரே வெளிச்சம், விடாத அலாரம். ஊசியும் உறிஞ்சு குழாயும் தூக்கத்தை வெட்டி வெட்டி எடுக்கின்றன. வளரும் மூளைக்குத் தூக்கம்தான் வேலை நேரம். ஆகவே முதலில் நர்ஸிடம் கேளுங்கள்: எந்த நேரம் தொடாமல் விடலாம், எப்போது விளக்கைக் குறைக்கலாம்?

தொடும்போது தடவிக் கொடுக்காதீர்கள். மெலிதாக வருடுவது இந்தக் குழந்தைகளைத் திடுக்கிட வைக்கும். ஒரு உள்ளங்கையைத் தலையிலும் இன்னொன்றை மடங்கிய பாதங்களிலும் வைத்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மானிட்டரில் இதயத் துடிப்பு மெல்ல இறங்குவதை நீங்களே பார்க்கலாம். பிறகு பேசுங்கள். என்ன பேசுவது என்று கூச்சமாக இருந்தால் கையிலிருக்கும் செய்தித்தாளைப் படியுங்கள், குழந்தைக்குத் தேவை உங்கள் குரல்தான். நிலைமை ஒத்துவந்து மருத்துவர்கள் அனுமதித்தால் மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளலாம், வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையையும்கூட. குழந்தை குடிக்கத் தயாராகும்வரை தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சேமியுங்கள்.

நீங்களும் தூங்க வேண்டும். பெற்றோரின் கடும் மன அழுத்தம் குழந்தையின் வளர்ச்சியோடு தொடர்புடையது. இது மேலும் ஒரு குற்றச்சாட்டு அல்ல. மனநல ஆலோசகரைக் கேட்டு வாங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை. பயப்பட வேண்டுமா?

நெஞ்செலும்பைத் திறந்து அறுவை செய்த குழந்தையைச் சில வாரங்கள் குப்புறப் போட விடமாட்டார்கள். அக்குளில் பிடித்துத் தூக்கவும் கூடாது. தலைக்கும் பிட்டத்துக்கும் கீழே கைகொடுத்து அள்ளித்தான் தூக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் படுக்கையிலேயே போன நாட்கள் வேறு. கழுத்தும் தோளும் பலம் பெறும் காலம் அதில் கரைந்துவிடுகிறது. ஆகவே உடலியக்கத்தில் தாமதம் முதல் ஆண்டில் மிகச் சாதாரணம், பலர் பிறகு எட்டிப் பிடித்தும்விடுகிறார்கள்.

தடை நீங்கியதும் என்ன செய்யலாம்? உங்கள் நெஞ்சின் மேல் குழந்தையைக் குப்புறப் போடுவதிலிருந்து தொடங்குங்கள். முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதும், ஒரு நாளில் பலமுறை. மூச்சு வாங்கினாலோ உதடு நிறம் மாறினாலோ நிறுத்திவிடுங்கள். "இதயக் குழந்தை, அசைக்கக் கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் தொட்டிலிலேயே வைத்திருப்பது அன்பால்தான், ஆனால் அது தாமதத்தைக் கூட்டும். என்ன செய்யலாம், எது கூடாது என்று இதய மருத்துவரிடம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள், விவாதம் முடிந்துவிடும்.

ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னுவது, வந்த திறமை மறைந்துபோவது ஆகிய மூன்றில் எதைப் பார்த்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

பால் குடிக்கவே திணறுகிறது. இதற்கும் மூளைக்கும் சம்பந்தமா?

ஓரளவு. உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒழுங்கு செய்வது மூளை. கூடவே இதயம் களைத்திருக்கும். பெருந்தமனி வளைவில் அறுவை நடந்திருந்தால் குரல்வளை நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அழுகுரல் கம்மியிருந்தால் சொல்லுங்கள். மூக்குக் குழாய் வைப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். எடை ஏறினால்தான் தலை வளரும், தலைச் சுற்றளவு ஏறுவதுதான் மூளை வளர்வதற்கு வீட்டிலேயே கிடைக்கும் எளிய அடையாளம்.

மூளை நன்றாக வளர டானிக் ஏதாவது?

கிடையாது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அதைச் சரிசெய்வது உண்மையிலேயே உதவும், அதையும் மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். விளம்பரத்தில் வருபவற்றுக்குச் செலவழிப்பதை ஸ்பீச் தெரபிக்குச் செலவழிக்கலாம்.

மூன்று வயது. நன்றாகப் பேசுகிறாள், எக்கோவும் (இதய ஸ்கேன்) நன்றாக இருக்கிறது. இன்னும் ஏன் வளர்ச்சிப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள்?

இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரின் அறிவுத்திறன் இயல்பு வரம்புக்குள்ளேயே இருக்கிறது. புத்தி மந்தமாகிவிடுமோ என்ற பயத்துக்குப் பதில் இது. சிக்கல்கள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன: கவனத்தை நிறுத்துவது, திட்டமிடுவது, கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே அடுத்த வேலையைச் செய்வது, படத்தைப் பார்த்து வரைவது, மற்றவர் முகக்குறிப்பைப் புரிந்துகொள்வது. இவற்றை மூன்று வயதுக் குழந்தையிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆகவே குறையும் தெரிவதில்லை. மூன்றாம், நான்காம் வகுப்பில் பாடம் நீளும்போதுதான் வெளியே வரும்.

மேலே சொன்ன பாஸ்டன் குழந்தைகளையே பதினாறு வயதில் மறுபடி பார்த்தார்கள். பலரின் மதிப்பெண்கள் சராசரிக்கு அருகிலேயே இருந்தன. ஆனாலும் 65 சதவீதம் பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் படிப்புக்கோ நடத்தைக்கோ தனி உதவி பெற்றிருந்தார்கள். எக்கோவில் இது தெரியாது.

அமெரிக்க இதயச் சங்கம் 2012ல் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஒன்று முதல் இரண்டு வயதுக்குள்ளும், மூன்று முதல் ஐந்து வயதுக்குள்ளும், பதினொன்று, பன்னிரண்டு வயதிலும் முறையாகப் பரிசோதிக்கச் சொல்கிறது. உங்கள் மருத்துவமனையில் தனி வளர்ச்சி கிளினிக் இல்லாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

வலிப்பு. ஒரு பக்கக் கை, கால் திடீரெனத் தளர்வது, வாய் கோணுவது. எழுப்ப முடியாத மயக்கம். நீலம் பாய்ந்த குழந்தைக்கு வாந்தி, பேதி வந்து உடல் வற்றினால் ஏற்கனவே கெட்டியாக இருக்கும் ரத்தம் மேலும் கெட்டியாகி மூளையில் அடைக்கக்கூடும், அதனால் அரை நாள்கூட வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். சற்று வளர்ந்த நீலக் குழந்தைக்குக் காய்ச்சலோடு விடாத தலைவலி வந்தால் மூளைச் சீழ்க்கட்டியா என்று பார்க்க வேண்டும்.

பள்ளியில் சேர்க்கும்போது இதையெல்லாம் சொல்ல வேண்டுமா? ஒதுக்கிவிட மாட்டார்களா?

சொல்லுங்கள், ஆனால் அறுவை சிகிச்சைக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியருக்குத் தேவையானது ஒரு பக்கம்: விளையாட்டில் என்ன வரம்பு, களைத்தால் எப்படித் தெரியும், யாரை அழைப்பது. அதோடு வளர்ச்சிப் பரிசோதனை அறிக்கையின் நகல். நீளமான கட்டளையை இரண்டாகப் பிரித்துச் சொல்வது, முன் வரிசையில் உட்கார வைப்பது, எழுதக் கூடுதல் நேரம் தருவது போன்றவற்றை அந்த அறிக்கையைக் காட்டித்தான் கேட்க முடியும். ஆசிரியர் "கவனமே இல்லை, சோம்பேறி" என்று டைரியில் எழுதி அனுப்பிய பிறகு கேட்பதைவிட, முதல் வாரத்திலேயே கேட்பது எளிது.